வேலை நாட்களை எண்ணுங்கள்: சிறு நகரச் சினிமா பற்றி வாசகர் கேள்விகள்

பெருநகரத்துக்குக் குடிபெயராமல், இருக்கும் ஊரிலேயே தொடர்ந்து படம் எடுக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். எந்த நாட்டு நாணயத்துக்கும் பொருந்தட்டும் என்று பணக் கணக்கை '100-க்கு இவ்வளவு' என்றே தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நகரில் ஐந்து ஆண்டுகளில் மூன்று முழுநீளப் படங்கள் எடுத்தோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஆள் தேட வேண்டியிருக்கிறது. வேலை கற்றுக்கொண்டவர்கள் கிளம்பிப் போய்விடுகிறார்கள். அவர்களை எப்படித் தக்கவைப்பது?

பதில்: படங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, சம்பளம் கிடைத்த நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒரு ஊரில் படத்தொழில் இருக்கிறதா இல்லையா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

பன்னிரண்டு பேர் கொண்ட நிலையான குழு இருக்கிறது என்று வையுங்கள். இந்த வேலையை மட்டும் நம்பி ஒருவர் ஊரிலேயே இருக்க, ஆண்டுக்கு 150 நாளாவது சம்பளம் வர வேண்டும். அப்படியானால் குழுவுக்கு 1,800 ஆள்நாட்கள் தேவை. ஒரு சிறிய முழுநீளப் படம் எத்தனை தரும்? 15 பேர் 20 நாள் படப்பிடிப்பு என்றால் 300. முன்தயாரிப்பில் நான்கு பேர் 20 நாள், அது 80. படத்தொகுப்பு, ஒலி, வண்ணம் எல்லாம் சேர்த்து 120. மொத்தம் 500. ஆண்டுக்கு இரண்டு படம் எடுத்தாலே அது பெரிய சாதனை. அப்போதும் கைக்கு வருவது 1,000 நாள்தான், இன்னும் 800 குறைகிறது. நீங்கள் ஐந்து ஆண்டில் மூன்று படம் எடுத்திருக்கிறீர்கள். அதாவது ஆண்டுக்கு 300 ஆள்நாள். பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 25 நாள். இதில் யார் ஊரில் தங்க முடியும்?

வேலைவாரியாகவும் எண்ணுங்கள். படத்தொகுப்பாளருக்கு ஒரு படத்தில் 60 நாள் கிடைக்கும். ஒலிக்காரருக்குப் படப்பிடிப்பிலும் வேலை உண்டு, பின்தயாரிப்பிலும் உண்டு. லைட்மேனுக்கும், கேமராவின் ஃபோகஸைச் சரிசெய்யும் ஃபோகஸ் புல்லருக்கும் படப்பிடிப்பு நடக்கும் 20 நாளோடு சரி. அதனால்தான் எந்த ஊரிலும் முதலில் கிளம்புபவர்கள் அவர்கள். இயக்குநர்கள் கடைசிவரை ஊரிலேயே இருப்பார்கள். லைட் பிடிக்க ஆள் இல்லாமல்தான் அடுத்த படம் நின்றுபோகும்.

குறையும் 800 நாட்களை ஆவணப்படம், நிறுவனங்களுக்கான பயிற்சிப் படம், விளம்பரம், மேடை நிகழ்ச்சிப் பதிவு, வெளியூர்ப் படக்குழுவுக்கு உதவி ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். நான்கு பேர் இரண்டு நாள் படப்பிடிப்பு, ஒருவர் மூன்று நாள் எடிட்டிங் என்றால் ஒரு சிறு வேலைக்கு 11 ஆள்நாள். 800-ஐ எட்ட ஆண்டுக்கு எழுபதுக்கும் சற்று மேல், மாதத்துக்கு ஆறு. நடுத்தர நகரத்தில் இது கிடைக்கக்கூடிய எண்ணிக்கைதான், தேடிப் போக ஓர் ஆளை வைத்தால். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் 1968-இல் தங்கள் முதல் முழுநீளப் படத்தை வெளியிடுவதற்கு முன், பல ஆண்டுகள் விளம்பரப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கருவியும் கைப்பழக்கமும் அங்கிருந்து வந்தவை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சிறு வேலைகள் நாட்காட்டி முழுவதையும் தின்றுவிடும். அதனால் ஆண்டின் தொடக்கத்திலேயே ஐந்து ஐந்து வாரமாக இரண்டு காலப்பகுதிகளை முழுநீளப் படங்களுக்கு ஒதுக்கி எழுதிவிடுங்கள். ஒரு படம் எடிட்டிங்கில் இருக்கும்போது அடுத்தது முன்தயாரிப்பில் இருக்கும்படி தேதிகளை அமையுங்கள். ஊரில் இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரே மாதத்தில் படப்பிடிப்பு வைத்துக்கொண்டு, மீதி பதினொரு மாதமும் எல்லோரும் சும்மா இருப்பது நாம் அடிக்கடி காணும் வீண். ஒரு பொது நாட்காட்டி இருந்தால் போதும், இந்த வீண் நேராது.

கேள்வி: பதினைந்து பேர் பணம் போட்டுக் கூட்டுறவாகக் கருவிகள் வாங்கப் போகிறோம். முதலில் நல்ல கேமரா ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: கேமராவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய மூன்று நான்கு ஆண்டுகளில் மதிப்பிழக்கும் பொருள் அது. போதாக்குறைக்கு ஒவ்வொரு ஒளிப்பதிவாளரும் வேறு வேறு கேமரா கேட்பார். ஆண்டுக்கு அறுபது நாளுக்கு மேல் நிச்சயம் ஓடும் என்றால் மட்டும் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். இல்லையென்றால் வாடகையே லாபம். வாரக்கணக்கில் எடுத்தால் பல இடங்களில் மூன்று நான்கு நாள் வாடகைக்கே ஏழு நாளும் கிடைக்கும்.

முதல் பணத்தை ஒலியில் போடுங்கள். நல்ல மைக் பதினைந்து இருபது ஆண்டு உழைக்கும். ஆறு அல்லது எட்டுத் தடங்கள் பதியும் ரெக்கார்டர், உள்ளரங்குக்கு ஒன்றும் வெளிப்புறத்துக்கு ஒன்றுமாக நீளக் கழியில் பிடிக்கும் இரண்டு பூம் மைக், சட்டையில் மாட்டும் நான்கு வயர்லெஸ் லேப்பல் மைக், காற்றுத் தடுப்புகள், ஒலியையும் படத்தையும் நேரம் பொருத்த உதவும் டைம்கோட் பெட்டி இரண்டு. அடுத்தது ஸ்டாண்டுகள். விளக்கும் துணியும் தாங்கும் சி-ஸ்டாண்ட் எட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏழு கிலோ அளவில் ஒரு மணல் பை, கேமராவை அதிராமல் திருப்ப உதவும் ஃப்ளூயிட் ஹெட் உள்ள டிரைபாட் இரண்டு, ஒளியை மென்மையாக்கும் துணிச் சட்டங்கள், கறுப்புத் துணி. அதன் பிறகு எல்இடி விளக்குகள் நான்கைந்து. வண்ணம் நம்பகமாகத் தெரியும் ஒரு மானிட்டர். பிறகு சேமிப்பகம்.

கூட்டுறவுகள் கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள்தான் என்றால் நம்புவீர்களா? ஒருவர் திருப்பிக் கொடுத்த கேபிளில் உள்ளே கம்பி அறுந்திருக்கும். அடுத்தவர் படப்பிடிப்பின் நடுவில் அதைக் கண்டுபிடிப்பார். யார் உடைத்தது என்று தெரியாது, மனக்கசப்பு வளரும். ஒவ்வொரு கேபிளுக்கும் எண் ஒட்டுங்கள். திரும்பி வந்த அன்றே, கொடுத்தவர் முன்னிலையில் சோதித்துப் பதிவேட்டில் எழுதுங்கள். இதற்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும், முதல் மாதத்திலிருந்தே. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

உறுப்பினரானாலும் வாடகை வாங்குங்கள், குறைவாகவாவது. அந்த வாடகையில் கால் பங்கைப் பழுதுக்கும் மாற்றுக்கும் என்று தனிக் கணக்கில் போடுங்கள். வயர்லெஸ் வாங்கும் முன் உங்கள் நாட்டில் அந்த அலைவரிசைக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வெளியூரில் மலிவாகக் கிடைத்த பெட்டி உள்ளூரில் தொலைக்காட்சி அலையோடு மோதினால் பயனில்லை.

கேள்வி: வீடுகளில் எடுத்த காட்சிகளில் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. விலை உயர்ந்த ஷாட்கன் மைக்தான் பயன்படுத்தினோம்.

பதில்: நீளக் குழாய் வடிவ ஷாட்கன் மைக்தான் காரணமாக இருக்கலாம். பக்கவாட்டு ஒலியைக் குறைக்க அதன் குழாயில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. திறந்தவெளியில் அது நன்றாக வேலை செய்யும். வெறும் சுவரும் தரை ஓடும் உள்ள சிறிய அறையில் எதிரொலி எல்லாப் பக்கத்திலிருந்தும் அந்தத் துளைகளில் நுழைந்து, வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து, குரலையே கெடுத்துவிடும். உள்ளே, முன்பக்க ஒலியை மட்டும் அதிகமாக வாங்கும் ஹைப்பர்கார்டியாய்ட் வகைச் சிறிய மைக் பயன்படுத்துங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி அரை மீட்டரிலிருந்து முக்கால் மீட்டருக்குள் இருக்கட்டும். ஃப்ரேமின் மேல் விளிம்பு வரை மைக்கை இறக்க முடியும். எதுவரை இறக்கலாம் என்பதை ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒளிப்பதிவாளரிடம் கேட்டு வாங்குவது பூம் பிடிப்பவரின் உரிமை.

கேமராவுக்குப் பின்னால் உள்ள சுவரில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஒரு கையளவு தள்ளி. ஃப்ரேமில் விழாத தரையிலும் விரியுங்கள். ஃப்ரிட்ஜை நிறுத்தினால், நிறுத்தியவரின் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள். மீண்டும் போடாமல் வீட்டைவிட்டுப் போக முடியாது.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரண வசனம் மீட்டரில் மைனஸ் 20 டெசிபல் அருகே நிற்கட்டும், உரத்த சொற்கள் மைனஸ் 12-ஐத் தொடலாம். உச்சத்தைத் தாண்டி உடைந்த ஒலியை மீட்க முடியாது. இடத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் பின்னணி ஒலி, எடுங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி அமைதி மாறி மாறிக் கேட்கும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, படம் மலிவாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

லொக்கேஷன் பார்க்கப் போகும்போது ஒலிக்காரரையும் கூட்டிப் போங்கள், அதுவும் படப்பிடிப்பு நடக்கப் போகும் அதே நேரத்தில். ஞாயிறு காலை அமைதியாக இருந்த தெருவில் திங்கள் மாலை பள்ளி வண்டிகள் வரிசையாக நிற்கலாம்.

கேள்வி: சில காட்சிகளில் திரையில் மெல்லிய பட்டைகள் ஓடுகின்றன. கேமரா பழுதா?

பதில்: இல்லை, அறை விளக்கின் துடிப்பு. நொடிக்கு 24 ஃப்ரேமில் 180 டிகிரி ஷட்டர் என்றால் 1/48 நொடி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 1/50, அதாவது 172.8 டிகிரி வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60, 144 டிகிரி. மலிவான எல்இடி பல்புகளும், மங்கலாக்கும் சுவிட்ச் வழியாக எரிபவையும் இதற்கும் கட்டுப்படாது. அவற்றைக் கழற்றி உங்கள் பல்பை மாட்டிவிடுங்கள்.

கேள்வி: முதல் படம். பணத்தை எப்படிப் பிரிப்பது, எத்தனை நாளில் எடுப்பது?

பதில்: 90 நிமிடப் படத்தை 20 நாளில் எடுத்தால் நாளுக்கு நாலரை நிமிடம். சிறிய குழுவால் முடியும், ஒரு நாளில் இடம் மாறாமல் இருந்தால். பக்கத்துத் தெருவுக்கு மாறுவதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். கட்டுதல், ஏற்றுதல், இறக்குதல், மீண்டும் லைட் செய்தல் என்று எல்லாம் உண்டு. ஆகவே எழுதும்போதே ஐந்தாறு இடங்களுக்குள் கதையை அடக்குங்கள்.

செலவு 100 என்றால், ஆட்களின் சம்பளம் 35, கருவி வாடகை 10, சாப்பாடும் பயணமும் 10, கலைப் பொருளும் உடையும் 8, இடங்கள் 5, பின்தயாரிப்பு 17, ஒப்பந்தம், காப்பீடு, திரையரங்கப் பிரதி ஆகியவை 5, எதிர்பாராததற்கு 10. விளம்பரமும் வெளியீடும் இந்த 100-க்கு வெளியே இன்னொரு 20 அல்லது 25. இதைத் தனியாக எடுத்து வைக்காத படங்களே அதிகம். படப்பிடிப்பின் கடைசி வாரத்தில் பின்தயாரிப்புப் பணத்தில் கை வைத்துவிடுவார்கள். அப்புறம் நண்பர் ஒருவர் ஓய்வு நேரத்தில் இலவசமாக எடிட் செய்ய, படம் இரண்டு ஆண்டு கிடப்பில் கிடக்கும். பின்தயாரிப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்று வைத்துவிடுங்கள்.

நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். முடிந்ததற்கும் மறுநாள் தொடங்குவதற்கும் இடையே பதினொரு மணி நேரமாவது ஓய்வு. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சாப்பாடு. சிறிய படம் என்பதால் இதில் சலுகை கேட்காதீர்கள். பதினாறு மணி நேரம் வேலை பார்த்த பையன் விடியற்காலையில் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகிறான் என்பதை மனதில் வைத்து அட்டவணை எழுதுங்கள்.

கேள்வி: சம்பளம் கொடுக்கப் பணமில்லை. 'லாபத்தில் 2 சதவீதம்' என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: எழுதும் முன் அந்த 2 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். வரி போக 100-க்கு டிக்கெட் விற்றது. திரையரங்கு 50 எடுத்துக்கொள்கிறது. மீதியில் விநியோகஸ்தரின் கமிஷன் கால் பங்கு, 12.5. அவர் செய்த விளம்பரச் செலவைக் கழிக்கிறார், இன்னொரு 12.5. உங்களுக்கு வருவது 25. போட்ட பணம் திரும்பவே செலவைப்போல் நான்கு மடங்கு டிக்கெட் விற்க வேண்டும்.

படத்தின் செலவு 100, டிக்கெட் விற்பனை 600 என்று வையுங்கள். இப்படி ஓடினால் சிறிய படத்துக்கு அது திருவிழா. உங்கள் கைக்கு 150 வருகிறது. முதலீட்டாளருக்கு அசலும் 20 சதவீதம் கூடுதலும், ஆக 120. மீதி 30. அதைப் பாதி பாதி பிரித்தால் தயாரிப்புப் பக்கம் 15. அதில் 2 சதவீதம் 0.3. இருபது நாள் உழைத்த நண்பருக்கு, படம் பெரிய வெற்றி பெற்றால், செலவில் ஆயிரத்தில் மூன்று பங்கு. தோற்றால் ஒன்றுமில்லை. இது தெரிந்தே கொடுத்தால் ஏமாற்று, தெரியாமல் கொடுத்தால் பிற்பாடு பகை. 'நிகர லாபம்' என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் விளக்கம் இல்லையென்றால் இன்னும் மோசம்.

ஆளைக் குறையுங்கள், நாளைக் குறையுங்கள், ஆனால் வந்தவர்களுக்குக் கூலி கொடுங்கள். இயக்குநர் முதல் உதவியாளர் வரை ஒரே நாட்கூலி என்று வைத்துப் பல சிறிய படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் மறைக்க எதுவும் இல்லாததால் முணுமுணுப்பும் குறைவு. முழுக்கூலியில் பாதியைத்தான் இப்போது தர முடியும் என்றால், மீதிப் பாதியைச் சதவீதமாக எழுதாமல் குறிப்பிட்ட தொகையாக எழுதுங்கள். அந்தத் தொகை முதலீட்டாளரின் அசலுக்கு அடுத்து, அவரது கூடுதல் 20-க்கு முன்பாகக் கொடுக்கப்படும் என்று வரிசையையும் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு அறிக்கை, கணக்கைப் பார்க்கும் உரிமை. இவை இரண்டும் இருக்க வேண்டும். முதலீட்டாளரிடமும் இந்த வரிசையை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் திரையரங்கே வேண்டாமா?

பதில்: பங்கு முறையில் நாற்பது அரங்குகளில் வெளியிட்டு, மூன்றாம் நாள் தூக்கப்படுவதைத் தவிருங்கள். அரங்கை ஒரு காட்சிக்கு மொத்த வாடகைக்கு எடுத்து, டிக்கெட்டை நீங்களே விற்கலாம். அப்போது வாடகை போக மீதி முழுதும் உங்களுடையது. ஆனால் இருக்கைகளில் பாதி முன்கூட்டியே விற்றுப்போனால்தான் துணிய வேண்டும். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-இல் தொடங்கிய ஒடேசா கூட்டு இயக்கம், மக்களிடம் சிறுகச் சிறுக நன்கொடை திரட்டிப் படம் எடுத்து, 16 மி.மீ. பிரதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டது. இன்று பிரதி சுமக்கும் சிரமம் இல்லை. பார்ப்பவரை நேரடியாகத் தேடிப் போகும் உழைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: பார்வையாளரை எப்படி வளர்ப்பது? ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கலாம் என்று எண்ணம்.

பதில்: இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்று மற்ற வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 1985-இல் திரைப்படச் சங்கம் தொடங்கினார். வேலை எளிமையானது, படம் காட்டுவது. 1996-இல் அந்தச் சங்கமே மாநிலத்துப் படைப்பாளிகளுக்கு நிதியுதவி தரத் தொடங்கியது. 2000-இல் நகரத்தின் பழைய விமான நிலையத்தில் இருந்த கொட்டகைகளைப் படப்பிடிப்புத் தளமாக மாற்றியது. வரிசையைக் கவனியுங்கள். பார்வையாளர், பிறகு பணம், பிறகு தளம். நிறைய நகரங்கள் தலைகீழாகத் தளத்தைக் கட்டிவிட்டு, படத்துக்காகவும் பார்வையாளருக்காகவும் காத்திருக்கின்றன.

மாதம் ஒரு காட்சி, மாறாத கிழமை, மாறாத நேரம். திரையிடும் உரிமையைப் படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். நாளை உங்கள் படத்தை யாரும் கேட்காமல் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தால் போதும். வந்தவரின் மின்னஞ்சலை வாசலில் வாங்கிப் பட்டியலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் பின்தொடர்பவர்கள் அந்த நிறுவனத்தின் சொத்து, உங்களுடையது இல்லை.

புரொஜெக்டரின் வெளிச்சத்தை இப்படிக் கணக்கிடுங்கள். திரையரங்கத் தரம் ஒரு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. திரை 3 மீட்டர் அகலம், 16:9 என்றால் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். 48-ஐ 3.14-ஆலும் பரப்பாலும் பெருக்கினால் ஏறக்குறைய 760 லூமென். ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண், சரியான வண்ணத்துக்கு மாற்றியதும் பாதியாகிவிடும். விளக்கு பழசானால் மறுபடி பாதி. எனவே 3,000 லூமென் என்று போட்டதை வாங்குங்கள். அதைவிட முக்கியம் அறையின் இருட்டு. ஒலிபெருக்கி திரைக்கு இருபுறமும் காது உயரத்தில் இருக்கட்டும், கூரையில் மாட்டியவை வசனத்தைக் குழப்பும்.

கேள்வி: திரையரங்கில் எங்கள் படம் பச்சை சாயத்தோடு வந்தது, வசனமும் சரியாகக் கேட்கவில்லை. கணினியில் எல்லாம் சரியாகவே இருந்தது.

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். திரையரங்கப் பிரதியான டிசிபியில் வண்ணம் எக்ஸ்ஒய்இசட் என்ற, கணினித் திரையிலிருந்து வேறுபட்ட முறையில் பதிந்திருக்கும். எடிட்டிங் மென்பொருளில் ஒருமுறை மாற்றிவிட்டு, டிசிபி செய்யும் மென்பொருளும் இன்னொரு முறை மாற்றினாலோ, எங்குமே மாற்றாமல் விட்டாலோ சாயம் கெடும். எந்தக் கட்டத்தில் மாற்றுகிறோம் என்று ஒரே இடத்தில் முடிவு செய்யுங்கள். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் இதைச் சரியாகவே செய்கிறது, அதற்கு ரெக் 709 எனும் வழக்கமான வீடியோ வண்ணமுறைக் கோப்பைக் கொடுத்தால் போதும்.

வசனம்: ஒலிக்கலவை அறையில் ஒலி மட்டம், அரங்கின் ஒலிக்கருவியில் உள்ள எண்ணில் 7 என்ற குறிப்பளவில் இருந்திருக்கும். பல அரங்குகள் 5-இல் ஓட்டுகின்றன. அது கிட்டத்தட்ட 7 டெசிபல் குறைவு, மெல்லப் பேசும் காட்சிகள் அமுங்கிப்போகும். கலவை முடிந்ததும் 5-இல் வைத்து முழுப்படத்தையும் ஒருமுறை கேளுங்கள்.

கூடவே சில அளவுகள். சாதாரண அகலத் திரையான ஃப்ளாட் என்றால் 1998×1080, அதைவிட அகலமான ஸ்கோப் என்றால் 2048×858. நொடிக்கு 24 ஃப்ரேம். 25-இல் எடுத்த படத்தை 24-க்கு இறக்கினால் நீளம் 4 சதவீதம் கூடும், ஒலியையும் அதற்கேற்ப நீட்ட வேண்டும். உச்ச வேகம் நொடிக்கு 250 மெகாபிட், 90 நிமிடப் படம் அதிகபட்சம் 170 ஜிபி அளவில் இருக்கும். சிறிய படத்தின் டிசிபி கோப்புக்கு மறையாக்கப் பூட்டுப் போடாதீர்கள். பூட்டினால் ஒவ்வொரு அரங்கின் சர்வருக்கும் தனிச் சாவிக் கோப்பு வேண்டும், அதில் தேதி ஒன்று தவறினாலும் காட்சி ரத்து. முதல் காட்சிக்கு இரண்டு நாள் முன்பே போய்ப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: வாங்க ஆள் வந்தும், 'ஆவணங்கள் சரியில்லை' என்று திரும்பிவிட்டார்கள். என்னென்ன வேண்டும்?

பதில்: கதை, திரைக்கதை உரிமை எழுதியவரிடமிருந்து தயாரிப்பு நிறுவனத்துக்கு மாறிய பத்திரம். நடித்தவர், வேலை செய்தவர் ஒவ்வொருவரின் கையெழுத்து. இடங்களின் அனுமதி. இசைக்கு இரண்டு உரிமைகள்: இயற்றியவருடையது ஒன்று, அந்தப் பதிவுக்கு உரியவருடையது இன்னொன்று. 'விழாக்களுக்கு மட்டும்' என்று மலிவாக வாங்கிய பாட்டு, இணையத்தில் விற்கும் நாளில் தடையாக நிற்கும். எடிட்டிங்கில் தற்காலிகமாக ஒட்டிய பிரபல இசை மனதில் படிந்துவிடும் ஆபத்தும் உண்டு. படப்பிடிப்பு நடக்கும் நாளிலேயே கையெழுத்து வாங்குங்கள், மூன்று ஆண்டு கழித்து ஒரு காட்சியில் வந்தவரைத் தேடுவது கடினம். வசனம் இல்லாத இசை, சத்தத் தடம் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தால் வேறு மொழிக்கு விற்கலாம்.

மேலே சொன்ன பிட்ஸ்பர்க் படத்துக்கு நேர்ந்ததும் நினைவில் இருக்கட்டும். விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது புதிய தலைப்பு அட்டையில் பதிப்புரிமை வரி விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை. உலகம் முழுதும் ஓடிய படத்தை யார் வேண்டுமானாலும் பிரதியெடுத்து விற்கலாம் என்றானது. சட்டம் இப்போது மாறிவிட்டது. இறுதிப் பிரதியின் ஒவ்வொரு எழுத்தையும் தயாரிப்பாளர் தன் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும் என்பது மாறவில்லை.

கேள்வி: நகராட்சியிடம் மானியம் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள், ஆனால் இரண்டாவதாக. முதலில் கேட்க வேண்டியது பணம் செலவாகாத உதவிகள்: எல்லா இடத்துக்கும் ஒரே விண்ணப்பம், ஐந்து வேலை நாளில் பதில், பொறுப்பான ஓர் அதிகாரி, இரவில் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களைப் பயன்படுத்த அனுமதி. செலவில் 20, 30 சதவீதம் திருப்பித் தரும் திட்டங்கள் பெரும்பாலும் வெளியூர்ப் பெரிய தயாரிப்புகளுக்கென்று வகுக்கப்பட்டவை. குறைந்தபட்சச் செலவு வரம்பு உங்களை வெளியே நிறுத்திவிடலாம். பணமும் படம் முடிந்து கணக்குத் தணிக்கையான பிறகுதான் வரும், அதுவரை வட்டி உங்கள் தலையில். பெரிய படக்குழு வந்தால் ஒவ்வொரு துறையிலும் உள்ளூர் ஆள் ஒருவரைச் சம்பளத்தோடு வைக்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக்கச் சொல்லுங்கள். ஆள்நாள் கணக்கில் அது நேராகக் கூடும்.

கேள்வி: படப்பதிவுகளைச் சேமிக்க எவ்வளவு இடம் வேண்டும்?

பதில்: ப்ரோரெஸ் 422 எச்க்யூ எனும் பதிவு வடிவம், 4கே அளவில், 24 ஃப்ரேம் என்றால் மணிக்குச் சுமார் 320 ஜிபி. 90 நிமிடப் படத்துக்கு எட்டு மடங்கு எடுத்தால் 12 மணி நேரம், கிட்டத்தட்ட 3.8 டிபி. மூன்று பிரதிகள் வேண்டும் என்பதால் 11.5 டிபி. பிரதிகளில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். கார்டிலிருந்து மாற்றும்போது வெறுமனே இழுத்துப் போடாமல், பிரதி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்க்கும் மென்பொருளால் மாற்றுங்கள். இரண்டு பிரதிகள் சரிபார்க்கப்பட்டு, ஒருவர் திறந்து பார்க்கும் வரை கார்டை அழிக்க வேண்டாம். அழிக்கலாம் என்று சொல்லும் உரிமை யூனிட்டில் ஒரே ஒருவருக்கு இருக்கட்டும். அலமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்க்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயக்கி, நாலைந்து கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். ஐந்து ஆண்டு ஆனதும் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.